கடற்கரை பங்களாவுக்கு இருபத்தேழு வாரிசு

சிலுவைத்துறையில் கயித்தானின் பேச்சைக் கேட்காதவர்கள் இரண்டே பேர்தான். ஒருத்தருக்குக் காது கேட்காது. இன்னொருத்தர் கயித்தான் பேசப் பழகுவதற்கு முன்னாலேயே செத்துப்போனவர். இதை ஊருக்குச் சொன்னதும் கயித்தான்தான்.

தொழில் தரகு. பைக்கின் முன்பக்கம் ‘வீடு, மனை, தோப்பு, போட்டு’ என்று பெயிண்டில் எழுதிவைத்து ஒன்பது வருஷம் ஆகிறது. இந்த ஒன்பது வருஷத்தில் வீடும் விற்கவில்லை, மனையும் விற்கவில்லை. ஒரே ஒரு தடவை ஒரு பழைய போட்டு கைகூடி வந்தது. வாங்க வந்தவரிடம், “இது சாதாரண போட்டு இல்ல, ஆளே இல்லாம மூணு தடவ சிலோனுக்குத் தனியாப் போயிட்டு வந்த போட்டு” என்று கயித்தான் சொல்லிவைக்க, “அப்ப நாலாவது தடவயும் போயிருமே” என்று அந்த ஆள் எழுந்து போய்விட்டார்.

கயித்தானின் மனைவி ரொசாலி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். போன வாரம் சந்தையில் சோறு கொண்டுபோகப் புதுசாக ஒரு தூக்குவாளி வாங்கிவந்து, கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டாள்.

“இந்த ஞாயித்துக்கிழமையோட சரி. கடக்கரை பங்களா வித்தா நீங்க தரகரு. விக்கலன்னா திங்கக்கிழமை காலையில எங்கண்ணன் ஐஸ் பாக்டரிக்குப் போறீய.”

ஐஸ் உடைக்கக் கயித்தானுக்குப் பயம் இல்லை. உடம்பில் தெம்பு இருக்கிறது. ஆனால் அந்த பாக்டரியில் மெஷின் ஓடும்போது ஒருத்தன் பேசுவது இன்னொருத்தனுக்குக் கேட்காது. எல்லாம் கைஜாடைதான். ஒருதடவை மச்சானைப் பார்க்கப் போய், அரைமணி நேரம் வாயைத் திறந்து திறந்து மூடிவிட்டு வந்த கயித்தானுக்கு அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. அங்கே காலமெல்லாம் இருக்க அவரால் ஆகாது. ஆகவே பங்களாவை விற்றே தீரவேண்டும்.

பங்களா கடலைப் பார்த்து நின்றது. கீழே நாலு தூண், மேலே சுற்றிலும் ஜன்னல், காற்று என்றால் அப்படி ஒரு காற்று. அதன் உண்மையான வரலாறு ரொம்பச் சின்னது. சொந்தக்காரி மோனிக்காம்மாவின் மாமனார் சவரிமுத்து, அந்தக் காலத்தில் தூத்துக்குடியிலிருந்து மரத்தூளில் பொதிந்து ஐஸ் கொண்டுவந்து விற்றவர். அதில் சேர்த்து வீட்டைக் கட்டினார். ஒரே பத்திரம், ஒரே வாரிசு. மோனிக்காம்மா சனிக்கிழமையே போனில் சொல்லியிருந்தார்: “கயித்தான், பதினோரு மணிக்கு நான் பத்திரத்தோட வாரேன். அதுவரைக்கும் ஜன்னலைத் தெறந்து வையி, வாயை மூடி வையி.”

கயித்தான் சொன்னபடி ஜன்னலையெல்லாம் திறந்துவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஒன்பதரைக்கெல்லாம் பங்களா வாங்குகிறவரின் கார் வந்துவிட்டது. இறங்கினவர் பால்வண்ணம் அண்ணாச்சி, சங்கரன்கோவிலில் டயர் வியாபாரம். ஆள் கனத்த சரீரம், பேச்சு குறைவு. பங்களா முகப்பில் கிடந்த சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவர், எதற்கும் “உம்” என்றார். கூடவே பத்திர எழுத்தர் ஆவுடையப்பன் வந்திருந்தார். காதில் பென்சில், கையில் நீளவாக்கு நோட்டு. சொந்தக் கல்யாணத்திலேயே சாட்சி ரெண்டு பேரிடமும் ஆதார் கேட்டவர் என்று கயித்தான் பிற்பாடு சொல்லித் திரிந்தார், அது வேறு விஷயம்.

“வே கயித்தான்,” என்றார் ஆவுடையப்பன், பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு. “இதுக்கு முன்னால ஓனரு யாரு யாரு? வரிசையாச் சொல்லும்.”

‘சவரிமுத்து’ என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. கயித்தானுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் பால்வண்ணம் அண்ணாச்சி அந்த நேரம் பார்த்து வடக்குச் சுவரை அண்ணாந்து பார்த்து, “சாஞ்சிருக்கோ?” என்று கேட்டுவிட்டார்.

“சாயல அண்ணாச்சி, அதுக்கு ஒரு கத இருக்கு,” என்று கயித்தான் ஆரம்பித்தார். “இத முதமுதல்ல கட்டுனது ஹென்ட்ரிக்குன்னு ஒரு டச்சுக்காரக் கப்பல் கப்பித்தான். செவுத்தத் தொட்டுப் பாருங்க. சுண்ணாம்போட கருப்பட்டியும் முட்டை வெள்ளையும் சேத்து அரைச்சது. அம்புட்டு முட்டைக்கு எங்க போவான்? நாப்பதாயிரம் கோழி வளத்தான். காலையில சேவல் கூவுனா இங்க தூங்குனவன் மட்டுமில்ல, கொழும்புல தூங்குனவனும் எந்திரிச்சான். அங்கேருந்து கடுதாசி வந்துச்சு, கோழிய மெதுவாக் கூவச் சொல்லுங்கன்னு.”

“உம்,” என்றார் அண்ணாச்சி.

“வெள்ளைய செவுத்துல பூசினான், சரி. மஞ்சக்கருவ என்ன பண்ணினான்?” என்றார் ஆவுடையப்பன்.

“நல்லாக் கேட்டீய. ஊரே ரெண்டு வருஷம் மஞ்சக்கருதான் தின்னுது. அப்பப் பொறந்த பிள்ளையளுக்கு உள்ளங்கையெல்லாம் மஞ்ச. கல்யாண வீட்டுல பொண்ணுக்கு நலுங்கு வைக்க மஞ்சளே வாங்கல. இதுல ஒரு தொந்தரவு என்னன்னா, கருப்பட்டி போட்ட செவுருல்லா, எறும்பு வந்துட்டு. ஒரு நாள் விடிஞ்சு பாத்தா வடக்குச் செவுத்தக் காணல. எறும்பு தூக்கிட்டுப் பனங்காட்டு வரைக்கும் போயிட்டு. கப்பித்தான் குதிரையில வெரட்டிப் போய் மடக்கிக் கொண்டாந்து வச்சான். அவசரத்துல வச்சதுல கொஞ்சம் சாஞ்சாப்புல நிக்கி. மத்தபடி செவுத்துக்கு ஒண்ணும் இல்ல.”

அண்ணாச்சி சுவரைப் பார்த்தார். “உம்,” என்றார். கயித்தானுக்கு அந்த ‘உம்’ சர்பத் குடித்த மாதிரி இருந்தது.

“கப்பித்தானுக்குப் பிள்ளைகுட்டி உண்டா?” என்றார் ஆவுடையப்பன்.

“பதினொண்ணு,” என்றார் கயித்தான் பெருமையாக.

ஆவுடையப்பன் எழுதினார். “பதினோரு வாரிசு. இதுல யாரு யாரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாவ?”

கயித்தானுக்கு அப்போதுதான் உறைத்தது. “யாரும் இல்ல. பதினோரு பேரும் ஊருக்குக் கப்பல் ஏறினாவ. வழியில திமிங்கலம் முழுங்கிட்டு.”

“ஆளையா, கப்பலையா?”

“கப்பலோட.”

“செத்ததுக்குச் சான்று?”

“திமிங்கலத்துக்கிட்ட யாருய்யா போய்க் கேக்க?”

“அப்ப செத்தாவன்னு எழுத முடியாது. காணோம்னுதான் எழுதணும். கோர்ட்டுக்குப் போகணும்.” ஆவுடையப்பன் ஒரு கோடு போட்டார். “பதினொண்ணு பாக்கி. அடுத்த ஓனரு?”

இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் மாடியில் ஒரு ஜன்னலுக்குக் கதவு இல்லை, அண்ணாச்சியின் பார்வை அங்கே போய்விட்டது. கயித்தானால் சும்மா இருக்க முடியவில்லை.

“அடுத்தது முத்து வியாபாரம் மீரான் மரைக்காயரு. மூச்சடக்குறதுல அவர மிஞ்ச ஆள் கிடையாது. கப்பித்தான் வீட்டப் பந்தயம் வச்சான், நீரு எம்புட்டு நேரம் முங்கியிருப்பீருன்னு பாப்போம்னு. திங்கக்கிழமை மத்தியானம் முங்கினவரு, வெள்ளிக்கிழமை தொழுகைக்கு நேரமாச்சேன்னு எந்திரிச்சு வந்தாரு. நாலு நாள் தாடி. கையில தேங்கா தண்டி ஒரு முத்து.”

“நாலு நாளும் சாப்பாடு?” என்றார் ஆவுடையப்பன்.

“போறப்பவே சாப்பிட்டுட்டுத்தான் போனாரு. அந்த முத்த மாடியில வச்சாரா, அது அடிச்ச வெளிச்சத்துல கடல்ல போற கப்பல்காரனெல்லாம் கலங்கரை விளக்குன்னு நெனைச்சு நேர இங்க வந்துட்டான். ஒரு சீனாக்காரன் கப்பல் மூக்கு அந்த ஜன்னல் வழியா உள்ளயே வந்துட்டு. மரைக்காயரு தங்கமான மனுசன், ஒண்ணும் சொல்லல. அந்த மூக்குல ரெண்டு வருஷம் துணி காயப் போட்டாவ. பெறவு கப்பலு போகும்போது கதவும் கூடப் போயிட்டு. மத்தபடி ஜன்னலுக்கு ஒண்ணும் இல்ல.”

“உம்.”

“வாரிசு?”

கயித்தான் உஷாராகிவிட்டார். “மரைக்காயருக்குப் பிள்ளை கிடையாது.”

“அண்ணன் தம்பி மக்க?”

“ஏழு பேரு, ஏழு பேருக்கும் ஏழு கப்பலு,” என்று நாக்கு சொல்லிவிட்டது. கயித்தான் வாயைப் பொத்துவதற்குள் ஆவுடையப்பன் எழுதியும்விட்டார்.

“எங்க இருக்காவ?”

“கடலு எங்க முடியுதுன்னு பாத்துட்டு வாரோம்னு போனாவ. இன்னும் வரல.”

“வந்தா பங்கு கேப்பாவ,” என்று ஆவுடையப்பன் அடியில் ஒரு கோடு போட்டார். “பதினெட்டு.”

நெற்றியில் வேர்த்தது. இனிமேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று கயித்தான் தீர்மானம் பண்ணிக்கொண்டார். அந்தத் தீர்மானம், அண்ணாச்சி உடைந்த வாசல்படியைக் காலால் தட்டிப் பார்க்கிறவரைக்கும் நின்றது.

“அது சுறா ஏறினது அண்ணாச்சி.”

“சுறாவா?” என்றார் ஆவுடையப்பன்.

“நாடகக்காரி அஞ்சுகத்தம்மா இங்கதான் இருந்தாவ. அவுக பாட்டக் கேட்டுட்டு மரைக்காயரு வீட்டத் தூக்கிக் குடுத்துட்டாரு. காலையில அவுக பாடிப் பழகினா மீனெல்லாம் கரைக்கு வந்து வரிசையா நின்னு கேக்கும். கீழ சுதியில பாடினா சாளை. மேல போகப் போகப் பெரிய மீனு. ஊர்ல ஒருத்தனும் வலை பின்னல. பொம்பளையெல்லாம் ஓலைப்பெட்டியோட வந்து உக்காந்துக்கிட்டு, ‘அம்மா, வீட்டுக்குச் சம்பந்தகாரவ வாராவ, கொஞ்சம் மேல பாடுங்க’ன்னு கேட்டு சீலா மீனு வாங்கிட்டுப் போவாவ. ஒரு நாள் அம்மா உச்சத்துல போய் நின்னுட்டாவ. சுறா படியேறி வந்து முன்வரிசையில உக்காந்துட்டு. படி தாங்குமா?”

“நண்டு வேணும்னா?” என்று கேட்டார் ஆவுடையப்பன். கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“நண்டுக்கு ஒப்பாரிதான்.”

அண்ணாச்சியின் தொந்தி ஒரு தடவை குலுங்கியது. அந்தச் சந்தோஷத்தில் கயித்தான், யாரும் கேட்காமலே, “அவுக நாடகக் கம்பெனி ஆளு ஒம்பது பேரையும் சொந்தப் பிள்ளையா எழுதி வச்சுத்தான் கண்ண மூடினாவ” என்று முடித்தார்.

ஆவுடையப்பன் மூன்று வரியையும் கூட்டினார். “பதினொண்ணு, ஏழு, ஒம்பது. மொத்தம் இருபத்தேழு வாரிசு. இதுல ஒரு கையெழுத்து குறைஞ்சாலும் நான் பத்திரம் எழுத மாட்டேன். இது வில்லங்கத்துக்கே வில்லங்கம். எந்திரிங்க அண்ணாச்சி, போவோம்.”

அண்ணாச்சி நாற்காலியின் கையைப் பிடித்து எழ ஆரம்பித்தார். கயித்தானின் கண்முன்னால் ஆணியில் தொங்கும் தூக்குவாளி வந்தது. காதில் மெஷின் சத்தம் கேட்டது. ஒன்பது வருஷத்தில் முதல்தடவையாக அவர் உண்மையைச் சொல்லிப் பார்த்தார்.

“எழுத்தரையா, அதெல்லாம் சும்மா. மோனிக்காம்மா மாமனாரு சவரிமுத்துதான் இதக் கட்டினாரு. ஐஸ் வித்து.”

“ஐஸ் வித்தா?” ஆவுடையப்பன் முதல்தடவையாகச் சிரித்தார். “வே, புளுகுறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா? ஐஸ் வித்தவன் பங்களா கட்டுவானா?”

கயித்தானுக்கு ரோஷம் வந்துவிட்டது. நாப்பதாயிரம் கோழியை ஒத்துக்கொண்ட மனுஷன், நிஜத்துக்கு நிஜமான சவரிமுத்துவை நம்ப மாட்டேன் என்கிறானே. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணாச்சியின் முன்னால் வந்து நின்றார்.

“உக்காருங்க அண்ணாச்சி. சவரிமுத்துக்கு இந்த வீடு எப்படி வந்துச்சுன்னு முழுசாக் கேட்டுட்டுப் போங்க. அந்த வருஷம் அக்கினி நட்சத்திரம். அப்படி ஒரு வெயிலு இந்தக் கரை கண்டதில்ல. உப்பளத்துல உப்புக்கே வேர்த்துச்சு. கடலு கொதிச்சு, மீனு வெந்தே கரையொதுங்குச்சு. சூடு தாங்காம அந்தத் திமிங்கலம் இங்க வந்து வாயத் தெறந்துட்டு. உள்ளேருந்து கப்பித்தான் பிள்ளைய பதினோரு பேரும் இறங்கி வந்தாவ.”

“அப்ப அவங்களுக்கு வயசு எரநூறு இருக்குமே,” என்றார் ஆவுடையப்பன்.

“திமிங்கலத்து வயித்துல வெயிலு படாதுல்லா, வயசு ஏறல. கடலு வத்திப் போனதால மரைக்காயரு அண்ணன் மக்க ஏழு பேரும் கப்பல நிறுத்திட்டு நடந்தே வந்தாவ. நாடகக் கம்பெனிக்காரவ ஒம்பது பேரும் வந்தாவ. இருபத்தேழு பேரும் இதே இடத்துல நின்னு, வீடு எனக்கு, வீடு எனக்குன்னு சண்டை. அப்பத்தான் சவரிமுத்து ஒரு ஐஸ்கட்டியத் தலையில வச்சுக்கிட்டு இந்தப் பக்கமா வாராரு.”

அண்ணாச்சி மறுபடி உட்கார்ந்திருந்தார்.

“சண்டை அப்படியே நின்னுட்டு. ஐயா, எங்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டு குடுங்க, வீட்ட நீரே வச்சுக்கிடும்னு இருபத்தேழு பேரும் கெஞ்சுதாவ. சவரிமுத்து வெவரமானவரு, வாயால சொன்னாப் பத்தாது, விடுதலைப் பத்திரம் எழுதுங்கன்னுட்டாரு. எதுல எழுத? தாள வெளிய எடுத்தா வெயில்ல தீப்பிடிச்சிருது. கடைசியில அந்த ஐஸ்கட்டி மேலயே ஆணியால எழுதி, இருபத்தேழு பேரும் கையெழுத்துப் போட்டு, ரெண்டு சாட்சியும் போட்டாவ.”

ஆவுடையப்பன் நோட்டை மடியில் வைத்துவிட்டு முன்னால் குனிந்தார். “அந்தப் பத்திரம் இப்ப எங்க?”

“நன்னாரி ஊத்திக் குடிச்சுட்டாவ.”

ஆவுடையப்பன் மெதுவாகப் பென்சிலைக் காதில் செருகினார்.

“முப்பது வருஷ சர்வீஸ்ல பத்திரத்தக் கரையான் தின்னு பாத்திருக்கேன். எலி தின்னு பாத்திருக்கேன். கையெழுத்துப் போட்டவனே குடிச்சு இப்பத்தான் கேக்கேன்,” என்றார்.

அப்போது பால்வண்ணம் அண்ணாச்சி வாயைத் திறந்தார். “ஒரு சந்தேகம். இந்த ஊர்ல ஐஸுக்கு அப்படியா தட்டுப்பாடு?”

“அன்னைக்கு என்ன, இன்னைக்கும் அதே கததான் அண்ணாச்சி,” என்றார் கயித்தான், சூடு குறையாமல். “எம் மச்சான் ஒருத்தன்தான் ஐஸ் வச்சிருக்கான். வடக்கு ஜன்னல் வழியாப் பாருங்க. போட்டெல்லாம் ஐஸுக்கு வரிசையில நிக்கி. அங்க நின்னு நின்னு மீனு கெட்டுப்போகுதுன்னு பாதிப் பேரு தூத்துக்குடிக்கே போயிருதாவ.”

அண்ணாச்சி எழுந்து உள்ளே போய் வடக்கு ஜன்னலில் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். விரலை மடக்கி மடக்கி எதையோ எண்ணுகிற மாதிரி இருந்தது. இந்தத் தடவை ‘உம்’ கொட்டவில்லை. கதை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று கயித்தான் நினைத்துக்கொண்டார்.

பதினோரு மணிக்கு மோனிக்காம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். இருபத்தேழு பெயர் கணக்கை ஆவுடையப்பன் நீட்டியதும், அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் கயித்தானை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பையிலிருந்து பத்திரத்தை எடுத்துக் கொடுத்தார்.

“எங்க மாமனாரு ஐஸ் வித்தாரு. வீடு கட்டினாரு. அவருக்கு ஒரே மகன், என் வீட்டுக்காரரு. அவரு போனதுக்குப் பிறகு நான். எனக்கு ஒரே மக. அவ கையெழுத்துப் போட வந்திருவா. அவ்வளவுதான்.”

ஆவுடையப்பன் பத்திரத்தை முன்னும் பின்னும் படித்தார், வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நோட்டில் இருந்த இருபத்தேழு பேரையும் குறுக்கே ஒரே கோடாக அடித்தார். “வில்லங்கம் இல்ல அண்ணாச்சி. தாராளமா வாங்கலாம்.”

“முடிச்சிருவோம்,” என்றார் பால்வண்ணம் அண்ணாச்சி.

கயித்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. சாவியை எடுத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றி, அண்ணாச்சியிடம் கொடுத்தார். அப்போதும் பேச்சு நிற்கவில்லை. “எனக்குத் தெரியும் அண்ணாச்சி. உங்களுக்கு எந்த ஓனரு கத ரொம்பப் பிடிச்சுது? அஞ்சுகத்தம்மாதான?”

“கதையெல்லாம் நல்லாத்தான் சொன்னீரு,” என்றார் அண்ணாச்சி. “ஆனா நான் ரொம்ப நாளாக் கடக்கரையில ஒரு தொழில் போடணும்னு பாத்துக்கிட்டு இருக்கேன். என்ன தொழில்னுதான் பிடிபடாம இருந்துச்சு. ஒரு துண்டு ஐஸுக்கு வீட்டையே எழுதிக் குடுக்குற ஊருன்னு நீருதான் கண்ணத் தெறந்தீரு. ஜன்னல்ல நின்னு எண்ணினேன், முப்பத்தாறு போட்டு நிக்கி. இங்க ஒரு ஐஸ் பாக்டரி போடுதேன்.”

கொடுத்த சாவியைத் திரும்ப வாங்கப் போகிறவர் மாதிரி கயித்தான் கையை நீட்டினார்.

“வீட்ட இடிக்க மாட்டேன், பயப்படாதேயும். முட்டை வெள்ளை போட்ட செவுருல்லா, குளிரு வெளிய போவாது. நடு ஹால்ல மெஷின். ஊர்ல அத்தனை போட்டுக்காரனையும் தெரிஞ்ச ஆளு நீரு, நீருதான் மேனேஜரு. நாளைக்குக் காலையிலயே வந்திரும், மெஷினுக்கு அளவெடுக்க ஆள் வாராவ.”

“மேனேஜருக்கு ரூமு மாடியிலயா அண்ணாச்சி?” என்று ஈனசுரத்தில் கேட்டார் கயித்தான்.

“மெஷினுக்குப் பக்கத்துலதான். கண்ணு முன்னால இருந்தாத்தான் வேலை நடக்கும்.”

வீடு போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. ரொசாலி மீன் அரிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே, “என்னங்க, வித்தாச்சா?” என்றாள்.

கயித்தான் மளமளவென்று எல்லாவற்றையும் சொன்னார். நாலு சுவரும் கேட்கச் சொன்னார், நாளையிலிருந்து எங்கே பேசுவது என்ற கவலையில் ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக ஒரு வீடு விற்றதை, அதுவும் முப்பத்தாறு போட்டும் கையெடுத்துக் கும்பிட்டு வழியனுப்ப விற்றதை, அண்ணாச்சி தன் காலில் விழாத குறையாக மேனேஜராக வரச்சொல்லிக் கெஞ்சியதை, எல்லாம் சொன்னார்.

ரொசாலி கடைசிவரைக்கும் கேட்டாள். எழுந்து கையைக் கழுவினாள். ஆணியில் தொங்கிய தூக்குவாளியை எடுத்து, தூசியைத் துடைத்து, அடுப்படியில் வைத்தாள்.

“எங்கண்ணன் பாக்டரின்னா எட்டு மணிக்குப் போனாப் போதும். இங்க எத்தன மணிக்கு வரச் சொன்னாவ?”